நிதான ஆட்டத்துக்குச் சாவு மணி அடிப்போருக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் சதுரங்கம் செழித்திருக்கிறது. வார இறுதிகளில் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் மேசைகள் வரிசைகட்டி நிற்கின்றன. பிள்ளைகள் கடிகாரப் பொத்தானைத் தட்டித் தட்டி ஆடுகிறார்கள், பெற்றோர் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் ஆறேழு சுற்றுகள் முடிந்து கோப்பையும் சான்றிதழும் கைக்கு வந்துவிடுகின்றன. இந்தச் செழிப்போடு ஒரு கருத்தும் சேர்ந்தே வளர்ந்து, இன்று யாரும் கேள்வி கேட்காத உண்மையாக உட்கார்ந்துவிட்டது. நகர்த்தல்களைக் கடிதத்திலோ இணையத்திலோ அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் யோசித்து ஆடும் ஆட்டம் செத்துவிட்டது, அதைக் கணினி கொன்றுவிட்டது என்பதே அந்தக் கருத்து. அதை இன்னும் ஆடுகிறவர் பழங்காலத்து ஆசாமி, பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது நேர விரயம் என்று பயிற்றுநர் சொல்கிறார், பெற்றோர் தலையாட்டுகிறார்கள், சங்கத்துக்காரர்கள் ஆண்டுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. இந்தக் கருத்தில் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதி முக்கால்வாசி, அந்த ஆட்டம் எதைச் சோதிக்கிறது என்பதை அறியாமல் சொல்லப்படுவது. நம் ஊருக்கும் நம் மக்களுக்கும் அதனால் வரும் இழப்பு சிறியதல்ல என்பதால் இதை மறுத்தே ஆகவேண்டும்.

முதலில் அந்த ஆட்டம் எப்படி நடந்தது என்று பார்ப்போம். பலகையின் 64 கட்டங்களுக்கும் இரண்டிலக்க எண் உண்டு. வெள்ளைக்காரருக்கு இடது கைப்பக்க மூலை 11, அதற்கு நேர் எதிர்க்கோடி மூலை 88. ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டுமா? 5254 என்று எழுதினால் போதும். ராஜா பக்கத்துக் குதிரை வெளியே வருவது 7163, அந்தப் பக்கம் கோட்டை கட்டுவது 5171. ரஷ்யரும் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் ஆடுவதற்காக வந்த ஏற்பாடு இது. ஓர் அஞ்சலட்டையில் எதிராளியின் கடைசி நகர்த்தலைத் திருப்பி எழுத வேண்டும், அது கைக்கு வந்த தேதி, பதில் போடும் தேதி, யோசிக்க எடுத்துக்கொண்ட நாள் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும், அதன் பிறகே நம் நகர்த்தல். பத்து நகர்த்தலுக்கு முப்பது நாள் என்பது நெடுங்காலம் வழக்கிலிருந்த கணக்கு, அஞ்சல் பயண நாள் அதில் சேராது. ‘நீங்கள் இதை ஆடினால் என் பதில் இது’ என்று அடுத்த நகர்த்தல்களை முன்கூட்டியே எழுதி நாளை மிச்சப்படுத்தலாம். ஆனால் அனுப்பியதை மாற்ற முடியாது. கை தவறி 5254 என்பதற்கு 5253 என்று எழுதிவிட்டாலும், அது விதிப்படி ஆடக்கூடிய நகர்த்தலாக இருந்தால் அதுவே நின்றுவிடும். எழுதியதற்குப் பொறுப்பேற்கும் பழக்கத்தை இதைவிடக் கறாராகக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

கணினி கொன்றுவிட்டது என்ற வாதம் ஓர் எண்ணத்தின் மேல் நிற்கிறது. அஞ்சல் சதுரங்கம் என்பது வெளியுதவியே இல்லாமல் தனி மூளையை அளக்கும் தேர்வாக இருந்தது, இயந்திரம் வந்து அந்தத் தேர்வுக் கூடத்தின் கதவை உடைத்துவிட்டது என்பதே அந்த எண்ணம். வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. எடின்பரோ சங்கமும் லண்டன் சங்கமும் 1824 முதல் 1828 வரை கடிதத்தில் ஆடியபோது இரு பக்கமும் குழுவாகக் கூடி விவாதித்துத்தான் ஆடின. எடின்பரோ வென்றது, அந்தப் போட்டியில் ஆடப்பட்ட தொடக்கமுறைக்கு ஸ்காட்ச் என்ற பெயர் நிலைத்தது. தமிழ் வாசகர் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டியது அதே 1828-ஆம் ஆண்டு வாக்கில் மதராஸும் ஹைதராபாத்தும் ஆடிய இரண்டு ஆட்டங்களை. இந்தியாவில் தந்திக்கம்பி வராத காலம் அது. ஒரு நகர்த்தல் போய்ச் சேருவதே பல நாள் வேலை. மதராஸ் தரப்பை வழிநடத்தியவர் அவ்வூரைச் சேர்ந்த குலாம் காசிம். அவரும் மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஜேம்ஸ் காக்ரேனும் சேர்ந்து, மூசியோ காம்பிட் என்ற தொடக்கமுறையை ஆராய்ந்து, அந்த இரண்டு ஆட்டங்களையும் குறிப்புகளோடு சேர்த்து 1829-இல் மதராஸிலேயே புத்தகமாக அச்சிட்டார்கள். காசிமின் பெயரில் ஒரு தாக்குதல் முறை இன்றும் உலகச் சதுரங்க நூல்களில் இருக்கிறது. ஆலோசனை, நூல், கூட்டு ஆராய்ச்சி எல்லாம் தொடக்கத்திலிருந்தே இந்த ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்டவை. நேரில் ஆடும் ஆட்டத்தில் புத்தகத்தைத் திறந்தால் வெளியே அனுப்புவார்கள். கடித ஆட்டத்திலோ புத்தகத்தைத் திறக்காதவன்தான் பின்தங்குவான். கைக்கு எட்டும் உதவியை எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகும் முடிவு என்பது ஒருவன் தன் தலையில் ஏற்க வேண்டியது. அந்த முடிவெடுக்கும் திறனைத்தான் இந்த ஆட்டம் அளந்தது, இப்போதும் அளக்கிறது.

இதற்குச் சான்றாக ஹான்ஸ் பெர்லினரை எடுத்துக்கொள்ளலாம். 1965-இல் தொடங்கி 1968-இல் முடிந்த ஐந்தாம் உலக அஞ்சல் சாம்பியன் போட்டியில் 16 ஆட்டத்தில் 14 புள்ளி எடுத்து வென்றவர் இந்த அமெரிக்கர், ஒரு தோல்விகூட இல்லை. சோவியத் வீரர் யாக்கோவ் எஸ்ட்ரினுக்கு எதிராக அவர் கறுப்புக் காய்களோடு ஆடிய ஆட்டத்தை, அஞ்சல் வழியே ஆடப்பட்டவற்றில் தலைசிறந்த ஒன்றாக இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். தாமே நன்கு ஆராய்ந்து வைத்திருந்த தொடக்கமுறையில்தான் எஸ்ட்ரின் தோற்றார். அவர் அறியாத ஒரு பாதையைப் பெர்லினர் வீட்டில் உட்கார்ந்து தோண்டி எடுத்திருந்தார். பிறகு இதே பெர்லினர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் ஆய்வாளரானார். அவர் எழுதிய நிரல் 1979-இல் பேக்கேமன் ஆட்டத்தின் உலகச் சாம்பியனைத் தோற்கடித்தது. எண்பதுகளின் வலிமையான சதுரங்கக் கணினிகளில் ஒன்றான ஹைடெக் அவர் தலைமையில்தான் உருவானது. நாள்கணக்கில் ஒரு நிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மனிதர், எந்தக் கிளையைத் தேட வேண்டும், எதை வெட்டிவிட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கப் போனதில் வியப்பில்லை. கணினிக்கும் அஞ்சல் ஆட்டத்துக்கும் பிறவிப் பகை கற்பிப்போர் இவருடைய வாழ்க்கையை ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

கால்வாசி உண்மை என்றேன், அதை மறைக்கக் கூடாது. பன்னாட்டு அஞ்சல் சதுரங்கக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் கணினி நிரல்களுக்கு இடம் தருகிறது. அதனால் உச்சியில் இருப்போர் ஆடும் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை சமநிலையில் முடிகின்றன. அமெரிக்கரான ஜான் எட்வர்ட்ஸ் 2022-இல் உலகப் பட்டத்தை உறுதி செய்துகொண்ட இறுதிப் போட்டியிலும் வெற்றி தோல்வி காணும் ஆட்டம் அரிதாகவே இருந்தது. அந்த உயரத்தில் ஆடுவோருக்கு இது உண்மையான நெருக்கடி. ஆனால் உலக இறுதிப் போட்டியின் நெருக்கடியைக் காட்டி, கிள்ளானில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை நிதானமாக ஆடக் கூடாது என்பது எப்படிப் பொருந்தும்? அந்தப் பிள்ளை ஆடப்போவது இயந்திரம் இல்லாத ஆட்டம். லிசெஸ், செஸ்.காம் இரண்டிலும் நாள்கணக்கு ஆட்டம் இருக்கிறது, நகர்த்தலுக்குப் பதினான்கு நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கமுறை நூல்களைப் பார்க்கலாம், நிரலைக் கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. மதராஸ் காசிம் ஆடியது கிட்டத்தட்ட இந்த விதிப்படிதான்.

நிரலைத் தள்ளிவைத்து வளர்வது பழமைவாதம் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியனான சென்னை குகேஷை, அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா 2500 தரப்புள்ளியைத் தொடும்வரை கணினி நிரல் இல்லாமலேயே வளர்த்தார். கிராண்ட்மாஸ்டர் ஆகும் அளவு வரை சொந்தத் தலையால் மட்டுமே கணக்கிட்ட பையன் அவர். பட்டம் வென்றபோதுகூட அதிவேக ஆட்டத் தரவரிசையில் குகேஷ் முன்வரிசையில் இல்லை. நீண்ட நேர ஆட்டத்தில் ஊறி உட்கார்ந்து, எதிராளி களைத்த இடத்தில் தான் களைக்காமல் வென்றார். குகேஷின் படத்தைச் சுவரில் மாட்டிவைத்து, பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிட ஆட்டத்தை மட்டும் ஊட்டும் பயிற்சி நிலையங்கள் அந்தப் படத்தில் இருப்பவர் எப்படி வளர்ந்தார் என்பதையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. ஆனந்த்? எண்பதுகளில் எதிராளி ஒரு மணி நேரம் யோசித்தால் சில நிமிடத்தில் ஆடி முடித்து, மின்னல் பையன் என்று பெயர் வாங்கியவர் ஆயிற்றே. வேகம்தான் மேதைமையின் அடையாளம் என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று வேண்டுமா? ஆனந்தின் சிறுவயதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எழுபதுகளின் இறுதியில் தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் மணிலாவில் இருந்தது. அங்கே பகலில் ஒளிபரப்பான சதுரங்க நிகழ்ச்சியில் வரும் புதிரை அவருடைய அம்மா சுசீலா குறித்துவைப்பார். பள்ளிவிட்டு வந்த பையனும் அம்மாவும் அதை உட்கார்ந்து விடுவிப்பார்கள், விடையை நிலையத்துக்கு அனுப்புவார்கள். பரிசாகப் புத்தகங்கள் வந்தன. இவர்களே தொடர்ந்து வென்றதால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதீர்கள் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்களாம். அந்தப் புதிர்கள்தான் ஆனந்தை உண்டாக்கின என்று நான் சொல்லவில்லை. ஆனால் பின்னாளில் விநாடிகளில் பளிச்சிட்ட அந்தக் கண், சிறுவயதில் கடிகாரமில்லாத மேசையில் பல மாலைகளைச் செலவிட்ட கண். வேகமாக ஆடும்போது நாம் ஏற்கெனவே சேர்த்துவைத்ததைச் செலவழிக்கிறோம். சேர்ப்பது வேறு நேரத்தில், மெதுவாக நடக்கும் வேலை. சனிக்கிழமை முழுக்கச் செலவழிக்கவும் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பில் இன்னும் வேகமாகச் செலவழிக்கவும் மட்டும் கற்ற பிள்ளை, பதினான்கு வயதில் ஒரே இடத்தில் முட்டி நின்று ஆட்டத்தையே விட்டுவிடுவதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது திறமை பற்றியது. என்னை அதைவிட அதிகம் உறுத்துவது, வேக ஆட்டத்தை மட்டுமே சதுரங்கம் என்று ஏற்கும்போது யாரெல்லாம் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்பது. கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யும் ஆளுக்குச் சனிக்கிழமை என்பது நிச்சயமான விடுமுறை இல்லை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா வழியாகக் காரில் வருவோருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் அந்த நேரம் எவ்வளவு நீளும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைக்குழந்தை உள்ள தாய், படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் மகள், சக்கர நாற்காலியில் இருப்பவர் என இவர்களில் யாராலும் ஒரு நாள் முழுவதும் பேரங்காடியில் உட்கார முடியாது. நாளுக்கு ஒரு நகர்த்தல் இவர்கள் எல்லாராலும் முடியும். நேரில் வர முடியாதவன் ஆட்டக்காரனே இல்லை என்று சதுரங்க உலகம் எப்போதும் நினைத்ததில்லை. 1965-இல் ஹவானாவில் நடந்த கபாபிளாங்கா நினைவுப் போட்டிக்குப் போக அமெரிக்க அரசு அனுமதி மறுத்தபோது, பாபி பிஷர் நியூயார்க்கின் மார்ஷல் சங்கத்தில் உட்கார்ந்து, நகர்த்தல்களைத் தொலையச்சில் அனுப்பி முழுப் போட்டியையும் ஆடினார், இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஆட்டங்களைப் பாதி ஆட்டம் என்று எவரும் கழித்துப் போடவில்லை.

பிரிக்பீல்ட்ஸை நினைத்துப் பார்க்கும்போது இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கோல் தட்டி நடப்போரும், நடைபாதையில் அவர்களுக்காகப் பதித்த புடைப்புக் கற்களும், பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும் அந்த வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. பார்வையற்றோர் பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்றே மேடாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, ஒவ்வொரு காயின் அடியிலும் அதில் செருக ஒரு முளை, கறுப்புக் காய்களின் தலையில் விரலுக்குத் தட்டுப்படும் அடையாளம். விரலால் நிலையைப் படிக்க நேரம் பிடிக்கும். வேகக் கடிகாரம் அந்த நேரத்தை அவரிடமிருந்து பறிக்கிறது, நாள்கணக்கு ஆட்டம் அதைத் திருப்பித் தருகிறது. பார்வையற்றோர் சதுரங்கத்தின் வரலாறே அஞ்சலோடு பிணைந்தது. இங்கிலாந்தின் ரெஜினால்ட் பாநம் 1934-இல் பிரெய்ல் எழுத்தில் சதுரங்க இதழ் தொடங்கினார், பன்னாட்டுப் பிரெய்ல் சதுரங்கச் சங்கம் உருவாக முன்நின்றார், 1958-இல் பார்வையற்றோரின் முதல் உலகச் சாம்பியனானார், அவர்களுக்கான அஞ்சல் பட்டங்களையும் வென்றார். பார்வையற்றோருக்கான அஞ்சலுக்குக் கட்டணம் இல்லை என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. ஆக, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு பிரெய்ல் அட்டை உலகின் எந்த மூலைக்கும் அஞ்சல்தலை ஒட்டாமல் போகலாம். லிசெஸில் திரைவாசிப்பானோடு ஆட வசதியும் இருக்கிறது, அதுவும் இலவசம். இத்தனை வாய்ப்பும் கையெட்டும் தூரத்தில் இருக்க, செத்த ஆட்டம் என்று சொல்லிக் கதவைச் சாத்துவது யாருக்கு எதிரான தீர்ப்பு என்று சொல்கிறவர்கள் யோசிக்க வேண்டும்.

ஏமாற்று பற்றிய எதிர்ப்புதான் மிக உரத்துக் கேட்கிறது. வீட்டில் உட்கார்ந்து ஆடும் பிள்ளை கைப்பேசியில் நிரலைத் திறக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? முழு உத்தரவாதம் இல்லைதான். ஆனால் ஏமாற்று அஞ்சல் ஆட்டத்தோடு பிறந்த நோயும் இல்லை. பன்னாட்டுப் போட்டிகளில் கழிப்பறையில் கைப்பேசியோடு பிடிபட்டவர்கள் நேரில் ஆடியவர்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச்சில் வந்து எல்லாரும் இணையத்துக்குப் போனபோது உலகெங்கும் ஏமாற்றுப் புகார்கள் குவிந்தது, நிமிடக்கணக்கில் ஆடிய வேக ஆட்டங்களிலும்தான். பரிசுப் பணமும் தரப்புள்ளியும் இருக்கும் இடத்தில் ஏமாற்றும் இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் ஏமாற்ற என்ன காரணம் மிஞ்சும்? அதோடு நிதான ஆட்டம் தரும் ஒரு சோதனை, வேக ஆட்டத்தில் நடைமுறைக்கு வராதது. ஒவ்வொரு நகர்த்தலோடும் ஏன் இதை ஆடினேன், வேறு எதை யோசித்தேன், எதற்கு அஞ்சினேன் என்று இரண்டு வரி தமிழிலோ மலாயிலோ எழுதித்தரச் சொல்லலாம். நிரல் சொன்ன நகர்த்தலை ஆடிய பிள்ளையால் அந்த இரண்டு வரியை எழுத முடியாது, எழுதினாலும் ஆசிரியர் கேட்கும் அடுத்த கேள்வியில் நின்றுவிடும். உண்மையாக யோசித்துத் தப்பாக ஆடிய பிள்ளையின் இரண்டு வரியிலோ, எங்கே தவறியது என்பது ஆசிரியருக்குத் துல்லியமாகத் தெரியும். கோப்பை வாங்கிய ஏழு வேக ஆட்டங்களின் தாளைப் புரட்டினாலும் கிடைக்காத தகவல் அது.

பெற்றோரின் கணக்கும் எனக்குப் புரியாததல்ல. பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு இருக்கிறது. மாவட்ட, மாநிலப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளில் கிடைக்கும் சான்றிதழுக்கு அங்கே மதிப்புண்டு. நம் சமூகத்துக்கு அந்த ஒவ்வொரு விழுக்காடும் முக்கியம். அந்தப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பவே வேண்டும். நான் எதிர்ப்பது அது மட்டுமே சதுரங்கம் என்ற தீர்ப்பை. ஒரு வருடம் ஓடும் ஆட்டத்தில் பிள்ளைக்கு மனம் நிற்காது என்பார்கள். பத்தாவது அஞ்சல் ஒலிம்பியாட் 1987-இல் தொடங்கி 1995-இல் முடிந்தபோது முதலிடம் பெற்ற சோவியத் ஒன்றியமும் மூன்றாமிடம் பெற்ற கிழக்கு ஜெர்மனியும் உலகப் படத்திலேயே இல்லை. நாடு போன பிறகும் அந்த ஆட்டக்காரர்கள் அட்டை எழுதுவதை நிறுத்தவில்லை. நம் பிள்ளைகளிடம் அத்தனை ஆண்டு கேட்கவில்லை. நகர்த்தலுக்கு மூன்று நாள் என்று வைத்தால், நாற்பது நகர்த்தல் ஆட்டம் இரு தரப்பும் முழு நேரத்தையும் எடுத்தால்கூட எட்டு மாதத்தில், ஒரு பள்ளியாண்டுக்குள் முடியும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை, செலவும் இல்லை. நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளியான கிள்ளான் சிம்பாங் லீமா பள்ளியும் பிரிக்பீல்ட்ஸிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியும் ஆளுக்கு இரண்டு பலகை எடுத்துக்கொள்ளட்டும். குலாம் காசிமும் ஹைதராபாத்துக்காரர்களும் ஆடியதும் இரண்டே ஆட்டம்தான். ஆறு பிள்ளைகள் கொண்ட குழு, வாரத்தில் இரண்டு முறை பள்ளி முடிந்து அரை மணி நேரம் கூடி விவாதித்து, வாக்கெடுத்து ஒரு நகர்த்தலை முடிவு செய்யட்டும். பலகை வகுப்பறைச் சுவரில் தொங்கட்டும், ஆடாத பிள்ளைகளும் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். நகர்த்தல்களை அஞ்சலட்டையில் நான்கு எண்ணாக எழுதி அனுப்பலாம், அஞ்சல் தாமதம் பொறுக்க முடியாவிட்டால் ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாம். மூன்றாவது அணியாகப் பார்வையற்றோர் சங்கத்து ஆட்டக்காரர்களை அழைக்க வேண்டும், இரு பள்ளிகளோடும் அவர்கள் ஆடலாம். பிள்ளைகள் எழுதிய காரணக் குறிப்புகளை ஆண்டு இறுதியில் நகர்த்தல்களோடு சேர்த்துத் தட்டச்சு செய்து பள்ளி இதழில் போட்டால், அடுத்த ஆண்டுக் குழுவுக்கு அதுவே பாடநூல். தலைமையாசிரியரின் ஒப்புதலும், கேள்வி கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருந்தால் வரும் பள்ளித் தவணையிலேயே முதல் அட்டையை எழுதிவிடலாம்.